பதினேழு காவல்காரிகள்

ஹெர்மினே நவ்ராதில் தன்னையே திரையில் பதினேழு முறை பார்த்திருக்கிறாள். ஒரு முறைகூட யாரும் அவளிடம் அனுமதி கேட்டதில்லை.

வியன்னாவின் ஒட்டக்ரிங் பகுதியில் மாநகராட்சி கட்டிய பெரிய குடியிருப்பு ஒன்றில், ஆறாம் படிக்கட்டுக்கு அவள் காவல்காரி. இருபத்து மூன்று கதவுகள். செவ்வாயும் வெள்ளியும் படிகளைக் கழுவ வேண்டும். பனி விழுந்தால் விடிவதற்குள் வாசலைச் சுரண்ட வேண்டும். சலவை அறையின் சாவி அவளிடம். கம்பளம் தட்டும் கம்பியில் யார், எந்த நாளில், எத்தனை மணி வரை தட்டலாம் என்ற கணக்கும் அவளிடம். முற்றத்துப் புல்லில் பந்தை உருட்டும் பிள்ளைகளை விரட்டுவதும் அவள்தான். "கூடாது" என்று சொல்வதற்காகத்தான் மாநகராட்சி தனக்குச் சம்பளம் தருகிறது என்று அவள் மனதார நம்பினாள். அதை நன்றாகவே சொன்னாள்.

சொல்வதற்கு முன் மூக்கை ஒருமுறை சுருக்கென்று உறிஞ்சுவாள். எந்தக் கதவு திறந்தாலும் அவளுடைய இடது கால் முதலில் நிலைக்கு உள்ளே போய் நிற்கும், பேச்சு முடியும்வரை யாரும் கதவைச் சாத்த முடியாதபடி. இரண்டு கைகளும் வேண்டியிருந்தால் சாவிக் கொத்தைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொள்வாள். பிறவியிலேயே ஒரு கால் அரை விரல் குட்டை. படி ஏறும்போது வலது இடுப்பு மேலே எகிறி இறங்கும்.

இவை அத்தனையும் வால்புர்கா பெட்ராஷுக்குச் சோறு போட்டன.

வால்புர்கா அதே படிக்கட்டில், இரண்டாம் மாடியில், பதினோராம் எண் கதவில் குடியிருந்தாள். நடிப்புப் பள்ளியில் படித்தவள். அரசிகளாக நடிக்கத் துடித்தவள். ஆனால் முகம் அகலம், கழுத்து குட்டை, குரலில் ஒட்டக்ரிங்கின் கரி. அரசிக்கு யார் அவளைக் கூப்பிடுவார்கள்? 1959-இல் ஒரு நகைச்சுவைப் படத்தில், காதலியைத் தேடி வரும் கனவானுக்கு வாசலைத் திறந்துவிட்டு, "மணி பத்தாயிடுச்சு, தெரியுதா?" என்று ஒரு வசனம் சொன்னாள். திரையரங்கு முழுதும் சிரித்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஹெர்மினே சிரிக்கவில்லை. திரையில் எகிறிய இடுப்பைப் பார்த்தாள். பிறகு தன் மடியைப் பார்த்தாள்.

அன்று முதல் வியன்னாவில் எந்தப் படத்துக்குக் காவல்காரி தேவைப்பட்டாலும் வால்புர்காவுக்குத்தான் தந்தி போகும். துப்பறியும் தொடர்களில் பிணத்தை முதலில் பார்த்துக் கத்துகிறவள் அவள். குடித்தனக்காரர்களின் கடிதத்தைக் கெட்டில் ஆவியில் பிரித்துப் படிக்கிறவள் அவள். ஒரு படத்தில் கிழவரின் நிலக்கரியைத் திருடினாள். இன்னொன்றில் பூனைக்கு விஷம் வைத்தாள். எந்தப் படத்திலும் அவளுக்குப் பெயர் கிடையாது. கடைசியில் ஓடும் எழுத்துகளில் "காவல்காரி: வா. பெட்ராஷ்" என்று வரும். வேடம் வருடத்துக்கு வருடம் கெட்டுப் போனது. நடை மட்டும் மாறவில்லை.

முதல் சில ஆண்டுகள் ஹெர்மினேவுக்கு அதில் ஒரு கள்ளப் பெருமை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பிறகு ஒருநாள் வால்புர்கா படியில் அவளை நிறுத்திக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை என்னைப் பாத்தீங்களா, ஃப்ராவ் நவ்ராதில்?"

"உங்களை எங்க பாத்தேன்? என்னையில்ல பாத்தேன்."

"அய்யோ, அப்படியா தோணுது? உலகத்துல இருக்குற எல்லாக் காவல்காரியும் ஒரே மாதிரிதானே."

"ஆமா, நடிகையம்மா. சலவை அறையும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். உங்களுக்கு இனிமே வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமைதான் வால்புர்காவுக்கு எப்போதும் படப்பிடிப்பு. இருபது ஆண்டுகள் அவள் தன் துணிகளைக் குளியல் தொட்டியில் துவைத்தாள். ஹெர்மினே நாளை மாற்றவில்லை. இவளும் நடையை மாற்றவில்லை. இரண்டு பேரும் படியில் எதிர்ப்படும்போது "வணக்கம்" சொல்லிக்கொள்வார்கள். கல்லெறிவதுபோல அந்தச் சொல்லை ஒருவர்மீது ஒருவர் எறிவார்கள்.

1986-ஆம் ஆண்டு ஹெர்மினேவுக்கு அறுபது வயது. அடுத்த மார்ச்சில் ஓய்வு. காவல்காரிக்கு என்று தரைத்தளத்தில் கொடுத்திருக்கும் வீட்டை அன்றே காலி செய்தாக வேண்டும். அவள் பிறந்தது அந்த வீட்டில். அவளுக்கு முன் அங்கே காவல்காரியாக இருந்தவள் அவளுடைய அம்மா. கணவன் செத்ததும் அங்கேதான். இன்னொரு இடத்தில் எப்படித் தூங்குவது என்று அவளுக்குத் தெரியாது. நல்லவேளையாக அதே படிக்கட்டில் மூன்றாம் எண், ஒற்றை அறை வீடு, காலியாகக் கிடந்தது. கொடுக்கலாம், ஆனால் குடியிருப்போர் பிரதிநிதியிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும், யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்று இருக்க வேண்டும் என்றது வீட்டுவசதி அலுவலகம். கடிதம் இல்லாவிட்டால் ஆற்றுக்கு அப்பால், ஊருக்கு வெளியே, புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளில் எட்டாவது தளமோ பத்தாவது தளமோ.

பிரதிநிதி ஹெர் துவோர்ஷாக், ஓய்வு பெற்ற டிராம் பரிசோதகர். செப்டம்பரில் அவளிடம் சொன்னார்: "கடிதமா? அதுக்கென்ன, ஃப்ராவ் நவ்ராதில். உங்களை விட்டா இந்தக் கட்டடம் ஏது?"

அக்டோபரில் அந்தப் படம் வந்தது.

அந்த வருடம் நாடு முழுக்க, "அப்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்ற கேள்வி சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதை அடுத்தவரிடம்தான் கேட்டார்கள். தொலைக்காட்சியும் தன் பங்குக்கு ஒரு படம் எடுத்தது. 1938-ஆம் வருடம், ஜெர்மன்காரன் உள்ளே வந்து சில மாதங்கள் ஆன கோடை, ஒரு குடியிருப்பு. அதன் காவல்காரி யூதக் குடும்பங்களின் பெயர்களைச் சமையலறை மேசையில் தனியாக உட்கார்ந்து, பென்சிலை நாக்கில் நனைத்து, ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுதுகிறாள். பிறகு கதவு கதவாகப் போய், அவர்கள் வெளியேறுவதை நின்று பார்க்கிறாள். வால்புர்காவின் பதினேழாவது காவல்காரி. முதல்முறையாக முழுநீள வேடம். முதல்முறையாக அந்தக் காவல்காரிக்கு ஒரு பெயரும் இருந்தது.

மூக்கு உறிஞ்சல், இடது கால், தாடைக்கடியில் சாவிக் கொத்து, எகிறும் இடுப்பு எல்லாம் திரையில் இருந்தன.

செய்தித்தாள்கள் வால்புர்காவைத் தூக்கிவைத்து எழுதின. அவளுக்கு ஒரு பரிசும் கிடைத்தது. படம் வந்த அடுத்த நாள் காலை குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஹெர்மினேவைப் பார்த்ததும், ஒன்பதாம் எண் ஃப்ராவ் பிளாஹா வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றினாள்.

"பென்சில் வச்சிருக்கீங்களா, ஃப்ராவ் நவ்ராதில்?"

"எதுக்கு?"

"என் பேரை எழுதிக்கத்தான். ரெண்டாம் மாடி, ஒன்பது. பி-ளா-ஹா. எழுத்துப் பிழை வந்துடப் போகுது."

"சாம்பலையும் காய்த்தோலையும் ஒரே தொட்டியில கொட்டியிருக்கீங்க. அதை எழுதிக்கிறேன்."

"பாத்தீங்களா! அப்படியே அவளேதான்! அதே மூக்கு!" என்று ஃப்ராவ் பிளாஹா வானத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள்.

அந்த வாரத்தில் ஹெர்மினேவின் கதவில் யாரோ சுண்ணக்கட்டியால் ஒரு பென்சில் வரைந்தார்கள். கழுவினாள். மறுநாள் மீண்டும் இருந்தது. ரொட்டிக் கடையில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. "உங்கம்மாதானே அப்போ இங்க காவல்காரி?" என்று கசாப்புக் கடைக்காரன் தொத்திறைச்சியை வெட்டிக்கொண்டே, தராசைப் பார்த்துக்கொண்டே, கேட்டான். அவளால் ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது. அவளைப் பார்க்கும்போது அந்தப் படிக்கட்டுக்காரர்கள் அத்தனை பேர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. நாற்பத்தெட்டு வருடமாக யாருடையது என்று தெரியாமல் கிடந்த ஒரு அழுக்குமூட்டைக்குக் கடைசியில் சொந்தக்காரி கிடைத்துவிட்ட நிம்மதி.

நவம்பர் முதல் சனிக்கிழமை பிற்பகல். மூன்றாம் மாடியில் நடைவழி ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தவள், மேலே துவோர்ஷாக் மூச்சுவாங்க ஒவ்வொரு கதவாகத் தட்டுவதைக் கேட்டாள். இறங்கி வந்தவர் கையில் ஒரு அட்டை, அட்டையில் கவ்விய ஒரு தாள். அவளைக் கண்டதும் தாளை மார்போடு அணைத்தார்.

"அது என்ன, ஹெர் துவோர்ஷாக்?"

"ஒண்ணுமில்ல. கட்டட விஷயம்."

"கட்டட விஷயம்னா எனக்குத் தெரியாம எப்படி?" மூக்கை உறிஞ்சினாள். கையை நீட்டினாள். பல வருடப் பழக்கம், அந்தக் கைக்கு யாரும் மறுத்ததில்லை. துவோர்ஷாக்கும் மறுக்கவில்லை.

ஃப்ராவ் ஹெர்மினே நவ்ராதிலுக்கு இந்தப் படிக்கட்டில் வீடு ஒதுக்கக் கூடாது என்று, கீழே கையெழுத்திட்டவர்கள், கட்டடத்தின் நற்பெயரைக் கருதி, வீட்டுவசதி அலுவலகத்தை வேண்டிக்கொண்டிருந்தார்கள். மேல்மாடியில் நான்கு கையெழுத்து விழுந்திருந்தது. மை இன்னும் பளபளத்தது.

"என் மேல கோபப்படாதீங்க," என்றார் துவோர்ஷாக், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. "ஜனங்க விருப்பம். நான் வெறும் பிரதிநிதி. இந்தக் காலத்துல, அந்தப் படத்துக்கு அப்புறம்… நம்ம பிள்ளைங்க என்ன நினைக்கும், சொல்லுங்க?"

"முழங்கால் எப்படி இருக்கு?"

"என்னது?"

"உங்க முழங்கால். இன்னும் மூணு மாடி இறங்கணும், பத்தொம்பது கதவு. நீங்க வீட்டுக்குப் போங்க. மிச்சத்தை நான் வாங்கிட்டு வர்றேன்."

"நீங்களா? உங்களுக்கு எதிரான தாளை நீங்களேவா?"

"எனக்குப் பழக்கம்தான்," என்றாள் ஹெர்மினே.

வாளியை ஓரமாக வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். சாவிக் கொத்தைத் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு தாளை நேராக்கினாள். முதல் கதவைத் தட்டினாள்.

அன்று பிற்பகல் அந்தப் படிக்கட்டில் நடந்ததைப் பற்றிப் பின்னால் யாரும் வாய் திறக்கவில்லை. கதவு திறக்கும். இடது கால் உள்ளே போகும். "வணக்கம். ஹெர் துவோர்ஷாக் அனுப்புனாரு. என்னை இங்கேயிருந்து அனுப்புறதுக்கு. விருப்பம் இருந்தா இங்க போடுங்க." சிலர் வேர்த்தார்கள். பதினான்காம் எண் கிழவர் கண்ணாடியைத் தேடுகிறேன் என்று உள்ளே போனவர் திரும்பி வரவே இல்லை. பதின்மூன்றில் இருந்த இளம் தம்பதி, நாங்கள் இந்த ஆண்டுதான் குடிவந்தோம், எங்களுக்கு எதுவும் தெரியாது என்றார்கள். அவள் காலை எடுத்துக்கொண்டாள். ஃப்ராவ் பிளாஹா அவள் கண்ணுக்கு நேரே, ஒவ்வொரு எழுத்தாக, தாள் கிழியும்படி அழுத்திப் போட்டாள்.

"நல்லாப் போட்டாச்சா?"

"போட்டாச்சு! என்ன பண்ணுவீங்க?"

"நன்றி. சாம்பல் தனித் தொட்டி," என்றாள் ஹெர்மினே.

பதினோராம் எண்ணைக் கடைசிக்கு வைத்திருந்தாள். கீழே தரைத்தளம்வரை போய்விட்டு மறுபடியும் ஏறி வந்தாள்.

வால்புர்கா சாம்பல் நிறச் சட்டையில், ஈரத் தலையோடு கதவைத் திறந்தாள். பின்னால் குளியல் தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பரிசு அலமாரியின் மேல், துவைத்த காலுறைகளுக்குப் பக்கத்தில் இருந்தது.

"காலை ஏற்கனவே உள்ள வச்சுட்டீங்க, ஃப்ராவ் நவ்ராதில். மிச்சத்தையும் கொண்டு வாங்க."

"கையெழுத்து வாங்க வந்தேன்."

வால்புர்கா படித்தாள். முதலில் சிரித்தாள். பிறகு யாருடைய கையில் தாள் இருக்கிறது என்பது உறைத்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"இதை நீங்களே தூக்கிட்டு வர்றீங்களா? பைத்தியமா உங்களுக்கு?"

"போடுறீங்களா, மாட்டீங்களா?"

"எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நான் இவங்களைத் தூண்டிவிடல. நான் நடிச்சேன், அவ்வளவுதான். அந்தப் பொம்பளைக்கு வேற பேரு."

"பேரு வேற. இடுப்பு என்னுது."

"அந்தக் கதையை நானா எழுதுனேன்?"

"இல்ல. தாளை உங்கம்மா எழுதுனா."

தொட்டியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. வால்புர்கா பின்னால் கையை நீட்டி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். ஹெர்மினே உட்காரவில்லை. உள்ளே வந்து கதவை மட்டும் சாத்தினாள்.

"படத்துல என்ன காட்டுறீங்க? காவல்காரி தனியா உக்காந்து பட்டியல் போடுறா. எவனும் கேக்கல, எவளும் பாக்கல, அவ ஒருத்தி. அப்படியா நடந்துச்சு? இந்தப் பதினோராம் நம்பர்ல லோவின்னு ஒரு யூதக் குடும்பம். நாலாம் மாடியில நீங்க அஞ்சு பேரு ஒரே ரூம்ல, இன்னொருத்தர் வீட்டுல ஒட்டுக்குடித்தனம். உங்கம்மாதான் தாளை எழுதி எங்கம்மா கையில கொடுத்தா. கீழே கையெழுத்திட்டவர்கள், இவங்களை வெளியேத்தணும்னு. முதல் கையெழுத்து அவளோடது. எங்கம்மாவுக்கு அன்னைக்குச் சலவை நாள், தொட்டி நிறைய துணி. என்னை அனுப்பிட்டா. எங்கம்மாவும் கையெழுத்துப் போட்டா, இல்லைன்னு சொல்லல. எனக்குப் பன்னெண்டு வயசு. நீ உங்கம்மா பாவாடைக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தே. கையில ரொட்டி. பிளம்ஸ் ஜாம் மோவாயில வழிஞ்சுது."

அதுவரை "நீங்க" என்று வந்தது "நீ" ஆனதை இருவரும் கவனிக்கவில்லை.

"நீ மூக்கை உறிஞ்சுன," என்றாள் வால்புர்கா.

"என்ன?"

"உங்கம்மா கொடுத்த தாளை எங்க கதவுக்குக் கொண்டு வந்தப்போ. எங்கப்பாவும் போடணும்னு. மூக்கை உறிஞ்சுன. காலை உள்ள வச்ச. சாவிக் கொத்தைத் தாடையில இடுக்கிட்டு, ரெண்டு கையாலயும் தாளை நீட்டுன." அவள் சொல்லிக்கொண்டே செய்தாள். ஐம்பத்தாறு வயதுப் பெண்ணின் முகத்தில், அகன்ற கன்னங்களுக்கு நடுவே, ஒரு கணம் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி முறைத்துக்கொண்டு நின்றாள். "நடிப்புப் பள்ளிக்கூடத்துல முதல் நாள், ஒரு கதவைத் திறந்து உள்ள வான்னாங்க. எப்படி வேணா வான்னாங்க. நான் உன்னைத்தான் செஞ்சேன். கை தட்டுனாங்க. அதுக்கப்புறம் எனக்கு வேற எதுவும் வரவே இல்ல. நான் பெரியவளான உன்னைப் பாத்துத் திருடுனேன்னு நினைச்சியா? இருபத்தேழு வருஷமா நான் அந்த ஒரு நாளைத்தான் நடிச்சிட்டிருக்கேன்."

"அப்போ தெரிஞ்சேதான் செஞ்சே."

"தெரியும்."

"தாள் இருந்துச்சு, எல்லாரும் போட்டாங்கன்னு அந்த டைரக்டர்கிட்ட சொல்லலையே, ஏன்?"

"சொன்னா, யாரு எழுதுனதுன்னு கேப்பான். யாரு இப்போ அந்த வீட்டுல இருக்காங்கன்னு கேப்பான்." வால்புர்கா சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "நான் இங்க இருக்கேன்னு சொல்லணும்."

"அதனால என்னை எழுத வச்சே."

"ஆமா."

"பரிசும் வாங்கிட்டே."

"வாங்கிட்டேன். எடுத்துட்டுப் போ, வேணும்னா."

"எனக்கெதுக்கு? தூசி தட்டவா?"

ஹெர்மினே முதல்முறையாக அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள். நாற்பத்தெட்டு வருடத்தில் அவள் நிலையைத் தாண்டி இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. சமையலறையின் வாசல் எங்கே என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது அன்று பார்த்தது.

"இந்தக் கதவையும் நான் தட்டுனேன், தெரியுமா?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "எல்லாக் கதவும்னு அம்மா சொல்லிட்டா. பதினொன்னை விட்டுடுன்னு சொல்ல மறந்துட்டா. ஃப்ராவ் லோவி மாவுக் கையோட வந்தா. கையைத் துடைச்சிட்டு வாங்கிப் படிச்சா. முதல்ல இருந்து கடைசி வரைக்கும், ஒவ்வொரு பேரா. எனக்குக் கோபம். சீக்கிரம் போடாம என்ன படிக்கிறான்னு. கடைசியில திருப்பிக் கொடுத்து, 'இது எங்களுக்கில்லம்மா, அடுத்த வீட்டுக்குப் போ'ன்னா. கதவை மெதுவாச் சாத்துனா."

"நீ என்ன பண்ணே?"

"அடுத்த வீட்டுக்குப் போனேன்."

லோவி குடும்பம் அந்த ஆகஸ்டில் ஒரு கைவண்டியோடு ஆற்றங்கரைப் பக்கம், மனைவியின் தங்கை வீட்டுக்குப் போனது. இரண்டு பெண் பிள்ளைகள். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி இந்தப் படிக்கட்டில் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை.

 வால்புர்கா மேசையில் கிடந்த பேனாவை எடுத்தாள். தாளைத் தன் பக்கம் இழுத்தாள். கையெழுத்துப் போட்டாள்.

ஹெர்மினே இதை எதிர்பார்த்துத்தான் வந்தாள்.

"காரணம் கேக்க மாட்டியா?" என்றாள் வால்புர்கா.

"சொல்லணும்னா சொல்லு."

"நீ இங்கேயே இருந்தா, ரொட்டி வாங்க நான் தினமும் உன் கதவைத் தாண்டிப் போகணும். இதுவரைக்கும் உனக்கு ஞாபகம் இல்லைன்னு நினைச்சிட்டுப் போனேன். இனிமே முடியாது. உன்னைப் பிடிக்காமத்தான் போடுறேன். கட்டடத்தோட நற்பெயருக்காக இல்ல."

"பரவாயில்ல. இன்னைக்குப் போட்டவங்கள்ல நீ ஒருத்திதான் பொய் சொல்லாம போட்டிருக்கே. பேனாவைக் கொடு."

தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நின்றபடியே, மேசையில் குனிந்து, "1938 ஜூன், இதே படிக்கட்டு, பதினோராம் எண் லோவி குடும்பத்தை வெளியேற்றக் கோரிய தாள்" என்று மேலே எழுதினாள். அவள் கையெழுத்து பள்ளிப் பிள்ளையின் கையெழுத்து, உருண்டை உருண்டையாக. கீழே முதலில் வால்புர்காவின் அம்மா பெயர். இரண்டாவது, அப்பா.

"அடுத்தது யாரு?" என்று வால்புர்கா கேட்டாள். முகம் வெளுத்திருந்தாலும் எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"இருபது. விதவை. மருந்துக் கடையில வேலை பாத்தவ."

"ஸ்டெஃபானி ஹொல்ட்ஸர். கிறுக்கலா போடுவா."

"அது. அப்புறம் மூணாம் மாடி தையல்காரர்."

"அவரு முதல்ல வேண்டாம்னாரு. எங்கம்மா ராத்திரி சொல்லிச் சிரிச்சா. நீ ரெண்டாவது தடவை போனியாம்."

"போனேன்," என்றாள் ஹெர்மினே. "ரெண்டாவது தடவை கால் வச்சேன்."

தையல்காரரின் பெயரையும் எழுதினாள். ஏழாவதாகத் தன் அம்மா பெயரைத் தயங்காமல் எழுதினாள். பதினேழாம் எண் கதவுக்கு வந்தபோது, "ஆலோய்ஸ் துவோர்ஷாக்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். பிரதிநிதியின் அப்பா, முழுப் பெயரையும் போட்டு, பக்கத்தில் வேலையையும் எழுதியிருந்தார், டிராம் நடத்துநர் என்று. ஒரு பெயர் இருவருக்குமே ஞாபகம் வரவில்லை. அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் கீழே, "இரண்டு தாள்களையும் கதவு கதவாக எடுத்துச் சென்றவர்: ஹெர்மினே நவ்ராதில்" என்று எழுதி, கோடு போட்டு முடித்தாள்.

வால்புர்கா பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஹெர்மினே குடித்திருக்க மாட்டாள்.

துவோர்ஷாக் செருப்போடு வாசலுக்கு வந்தார். முன்பக்கத்தில் பதினான்கு கையெழுத்து. முகம் மலர்ந்தது. "பாருங்க, ஃப்ராவ் நவ்ராதில், இதுல என் தனிப்பட்ட…"

"பின்பக்கமும் இருக்கு."

திருப்பினார். பாதியில் அவர் உதடு அசைவது நின்றது.

"இது… எங்கப்பா செத்து இருபது வருஷம் ஆச்சு."

"எங்கம்மாவும் செத்துட்டா. ஏழாவது பேரு, பாருங்க."

"எந்த ஆதாரமும் இல்லாம இப்படி எழுதறது… இதை நான் எப்படி ஆபீசுக்கு அனுப்புறது?"

"தபால்லதான். முன்பக்கம் வேணும்னா பின்பக்கமும் கூடவே போகும்."

"நான் வேற தாள்ல மறுபடியும் வாங்குவேன்!"

"வாங்குங்க. கொடுங்க, நானே எடுத்துட்டுப் போறேன். மறுபடியும் இருபத்து மூணு கதவு. போற இடமெல்லாம் பின்பக்கத்தைப் படிச்சுக் காட்டிட்டு வர்றேன். ஃப்ராவ் பிளாஹாவுக்குக் கேக்க ரொம்பப் பிடிக்கும், அவங்க மாமனாரு பத்தாவது."

துவோர்ஷாக்கின் மனைவி உள்ளேயிருந்து, "யாரு அது, ஃபெர்டினாண்ட்? சூப் ஆறுது," என்றாள். யாருமில்லை என்றார் அவர்.

"சரி, இந்தத் தாளைக் கிழிச்சுடலாம். நடந்தது நடந்து போச்சு. ரெண்டு பேரும் மறந்துடலாம்."

"வேண்டாம்னு சொல்லலையே. உங்க கையிலதான இருக்கு? கிழிங்க. பதினாலு பேரு கேப்பாங்க, தாள் எங்கேன்னு. பதில் சொல்லுங்க."

அவர் கிழிக்கவில்லை. அனுப்பவும் இல்லை. அவள் காலை எடுத்துக்கொண்டதும் கதவு சாத்தப்பட்டது.

டிசம்பர் பதினெட்டாம் தேதி வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்றாம் எண் வீடு ஃப்ராவ் நவ்ராதிலுக்கு ஒதுக்கப்படுகிறது, குடியிருப்போர் பிரதிநிதி எல்லோர் சார்பிலும் இதை அன்போடு பரிந்துரைத்திருக்கிறார் என்று அதில் இருந்தது. "அன்போடு" என்ற சொல்லை ஹெர்மினே இரண்டு முறை படித்தாள்.

வால்புர்கா அதன் பிறகு காவல்காரி வேடம் எதையும் ஏற்கவில்லை. கேட்டவர்களிடம் வயசாகிவிட்டது என்றாள். வேறு வேடத்துக்கு யாரும் கூப்பிடவுமில்லை.

மார்ச்சில் ஹெர்மினே வீடு மாறினாள். கட்டிலையும் அலமாரியையும் மாநகராட்சி ஆட்கள் நகர்த்திவிட்டுப் போனார்கள். பாத்திரம், துணி, விளக்கு எல்லாவற்றையும் நடைவழியில் பன்னிரண்டு அடி தூரத்துக்கு அவளே ஒவ்வொன்றாகத் தூக்கிச் சென்றாள். மாடிகளில் ஒரு கதவும் திறக்கவில்லை. எல்லாக் கதவுக்குப் பின்னாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆள் நிற்பது அவளுக்குக் கேட்டது. கடைசியாகச் சலவை அறையின் சாவியைக் கொத்திலிருந்து கழற்றி, புதுக் காவல்காரனிடம் ஒப்படைத்தாள்.

"பதினோராம் நம்பருக்கு எந்த நாள்?" என்று அவன் பட்டியலைப் பார்த்துக் கேட்டான். "வெள்ளின்னு இருக்கே. திங்கள் காலியாத்தான் இருக்கு, மாத்திடவா?"

ஹெர்மினே மூக்கை உறிஞ்சினாள்.

"கூடாது," என்றாள்.